நிகழ்காலமா, இறந்தகாலமா: தமிழ்க் காதுக்கு எந்தப் போர்ச்சுகீசியம் தோது?

போர்ச்சுகீசியம் படிக்க உட்காருகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: லிஸ்பன் உச்சரிப்பா, பிரேசில் உச்சரிப்பா? பேசுகிறவர்களின் எண்ணிக்கை, தொலைக்காட்சித் தொடர்கள், பாட்டு, இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் என்று எதை எடுத்தாலும் பிரேசில்தான் முன்னால் நிற்கிறது. அங்கே உயிரொலிகளை முழுங்காமல் பேசுவார்கள், கேட்கவும் இதமாக இருக்கும். இதெல்லாம் தெரிந்தேதான் லிஸ்பனை எடுத்தேன். நடக்கிறதைச் சொல்கிறார்களா, நடந்து முடிந்ததைச் சொல்கிறார்களா என்பது அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபடுகிறது. என் முடிவுக்கு அது ஒன்றே காரணம்.

லிஸ்பனில் 'பேசுகிறோம்' என்பது 'ஃபலமுஷ்'. 'பேசினோம்' என்பது 'ஃபலாமுஷ்'. இரண்டிலும் அழுத்தம் நடு அசையில்தான். முதலாவதில் வாய் பாதிதான் திறக்கிறது, இரண்டாவதில் நன்றாகத் திறக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஸ்பானிய மொழியில் இதே வினைக்கு இரண்டு காலத்துக்கும் ஒரே வடிவம் என்பதால், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இது புதுப் பாடம். நமக்கோ கல்லும் காலும், பட்டும் பாட்டும் சின்ன வயதிலிருந்தே வேறு வேறு. கறாராகப் பார்த்தால் தமிழில் இது நீளத்தின் வேறுபாடு, போர்ச்சுகீசியத்தில் வாய் திறப்பின் வேறுபாடு. ஆனால் நம்முடைய 'அ' இயல்பிலேயே 'ஆ'வை விடக் குறைவாக வாய் திறந்து வருவதால், காது தானாகவே இரண்டையும் பிரித்துவிடுகிறது.

லிஸ்பனில் ஒரு நண்பர் போனில் 'இரவுச் சாப்பாடு வீட்டில்தான்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன வினை 'ஜன்தமுஷ்' என்றால் இனிமேல்தான் சாப்பிடப் போகிறார்கள், நீங்களும் கிளம்பிப் போகலாம். 'ஜன்தாமுஷ்' என்றால் சாப்பிட்டு முடித்தாயிற்று. வாக்கியத்தில் மற்ற எதுவும் மாறாது.

எழுத்திலும் இதற்கு ஆதரவு உண்டு. போர்ச்சுகலில் இறந்தகால வடிவத்தின் 'ஆ' மேல் ஒரு சாய்கோடு போடுவது வழக்கம். 1990-இல் கையெழுத்தான எழுத்துமுறை உடன்பாடு அதைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. ஆனாலும் போடுகிறவர்கள் போர்ச்சுகலில் நிறையப் பேர். பிரேசிலில் போடுவதில்லை. போடவும் காரணமில்லை, ஏனென்றால் அங்கே இரண்டு காலத்துக்கும் உச்சரிப்பு ஒன்றுதான்: மூக்கொலி கலந்த குறில் 'அ'.

இது ஒரு வினைக்கான சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். அகராதி வடிவத்தில் 'ஆர்' என்று முடியும் வினைகள்தான் அந்த மொழியில் மிகப் பெரிய கூட்டம், மேலே சொன்ன இரண்டும் அதில் சேர்ந்தவை. புதிதாக நுழையும் வினைகளும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் சேர்கின்றன. ஒன்றைக் காதில் ஏற்றிக்கொண்டால் இத்தனைக்கும் உதவும்.

அப்படியானால் பிரேசில்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? 'நேற்று', 'எப்போதும்' போன்ற சொற்கள் பாதி வேலையைச் செய்துவிடும். அப்புறம், சாதாரணப் பேச்சில் 'நாம்' என்பதற்கு 'அ ஜென்ச்சி' என்று சொல்லி, வினையைப் படர்க்கை ஒருமையில் போடுகிறார்கள். அப்போது பேசுகிறோம் என்பது 'ஃபால', பேசினோம் என்பது 'ஃபலோ'. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. போர்ச்சுகலிலும் இந்தப் பழக்கம் உண்டு, பிரேசில் அளவுக்கு இல்லை. இந்த இடத்தில் பிரேசிலுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் ஒருமைக்கு வந்தால் நிலைமை திரும்பிவிடுகிறது. 'அவர் புறப்படுகிறார்' என்பதற்குப் பிரேசிலின் பல பகுதிகளில் 'பார்ச்சி', 'நான் புறப்பட்டேன்' என்பதற்குப் 'பர்ச்சீ'. தனியாகச் சொல்லிக்காட்டினால் தெளிவாகத்தான் இருக்கிறது. வேகமான பேச்சில் அந்த நீளம் கரைந்து, எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பது மட்டும் மிஞ்சும். அழுத்தத்தை வைத்துப் பொருள் பிரிப்பது தமிழில் இல்லாத பழக்கம், அதனால் காது அதைத் தேடுவதே இல்லை. லிஸ்பனில் இவை 'பார்த்', 'பர்த்தீ'. அதேபோல 'சாப்பிடுகிறார்' என்பது 'கோம்', 'சாப்பிட்டேன்' என்பது 'குமீ'. எல்லாரும் குறை சொல்லும் அந்த முழுங்கல்தான் இங்கே காலத்தைப் பிரித்துக் காட்டுகிறது. பிரேசிலில் 'நான்', 'அவர்' என்று எழுவாயைச் சொல்லிவிடும் வழக்கம் அதிகம் என்பதால் தப்பிக்க வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

லிஸ்பனும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'சாப்பிடுகிறோம்', 'சாப்பிட்டோம்' இரண்டுக்கும் இரு நாட்டிலும் ஒரே வடிவம்தான். 'வருகிறோம்' என்பதும் 'பார்த்தோம்' என்பதும் லிஸ்பனில் ஒரே 'வீமுஷ்'. 'அவரால் முடிகிறது', 'அவரால் முடிந்தது' என்ற இணையில் இரண்டும் என் காதில் 'போத்' என்றுதான் விழுகின்றன. முதலாவதில் 'ஓ' அகலம், இரண்டாவதில் குவிவு. தமிழில் ஓகாரம் ஒரே தினுசு என்பதால் இதைத் தனியாகத்தான் பழக வேண்டும். எழுத்தில் பிரச்சினை இல்லை, இறந்தகாலத்துக்கு மேலே கூரைக்குறி இரு நாட்டிலும் கட்டாயம்.

போர்ச்சுகலின் வடக்கே போனால் பலரிடம் அந்த அ-ஆ வேறுபாடே மங்கிவிடுகிறது. வடக்கத்திக்காரர்களோடு எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே என் முறை எவ்வளவு தூரம் செல்லும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வேலைக்காகவோ உறவுக்காகவோ பிரேசிலோடு தொடர்பு இருப்பவர்கள் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டாயம் இல்லையென்றால் லிஸ்பனோடு தொடங்குங்கள். பயிற்சிக்கு நான் கண்டவரை சிறந்த வழி, லிஸ்பன் கால்பந்து அணிகளின் ஆட்டம் முடிந்ததும் வரும் பேட்டிகள். 'ஜுகாமுஷ்' என்றால் ஆடினோம், 'கஞாமுஷ்' என்றால் ஜெயித்தோம். நடுவில் ஒரு 'ஜுகமுஷ்' வந்தால், பேச்சு அடுத்த ஆட்டத்துக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம்.