அரைக் கிலோ மிச்சம்: இல்லாத டாங்கிக்கு ஓர் உதிரிப் பாகப் பை

பதின்மூன்று வருடமாகக் கல்முனையில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடையொன்றின் கவுண்டரில் நிற்கிறேன். கிரீஸ் பிடித்துக் கறுத்துப்போன ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது எந்த வண்டியின் சாமான், தம்பி?" என்று யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் இந்தப் பையை வாங்கினேன்.

பிளாஸ்டிக்கில் போர் டாங்கியின் சின்ன மாதிரி செய்வோருக்குத் தெரிந்த விஷயம் இது: ஒரு பெட்டியை வாங்கினால் அதற்குள் இரண்டு மூன்று ரகத்துக்கான பாகங்கள் சேர்ந்தே வரும். ஒன்றைச் செய்து முடித்ததும் மற்றவை மிஞ்சிவிடும். அப்படி மிஞ்சியவற்றை வெளிநாட்டில் சிலர் சேர்த்து, நிறுத்து, இணையத்தில் விற்கிறார்கள். நான் எடுத்தது "1/35 அளவு, கலவை, 500 கிராம்" என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த பை. 1/35 என்றால் நிஜ வண்டியின் 35 இல் ஒரு பங்கு. அனுப்புச் செலவுடன் 6,800 ரூபாய். வந்து சேர 23 நாட்கள்.

பொதியின் மேல் விற்பனையாளர் ஆங்கிலத்தில் "டாங்கிப் பாகங்கள்" என்று எழுதித் தொலைத்திருந்தார். அதைப் பெற்றுக்கொள்ள அரை நாள் லீவு போட வேண்டியதாயிற்று. தபாலகக் கவுண்டரில் இருந்தவர் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியா என்று கேட்டார். எங்கள் நாட்டு ஆங்கிலத்தில் குளமும் 'டாங்க்'தான்; பக்கத்து மேசைக்காரருக்கு அது குளத்துக் கதவு சம்பந்தப்பட்ட சாமானோ என்று சந்தேகம். பிரித்துக் காட்டியபோது விரல் நகம் அளவு சில்லுகள் மேசையில் உருண்டோடின. இருவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

முதல் வேலையாகக் கடைத் தராசில் வைத்தேன். 482 கிராம். அது பரவாயில்லை. ஆனால் அதில் 130 கிராம் பாகங்களே அல்ல. பாகங்களை வெட்டி எடுத்த பிறகு எஞ்சும் வெறும் பிளாஸ்டிக் சட்டம். ஸ்ப்ரூ என்பார்கள். இறைச்சிக் கடையில் எலும்பையும் சேர்த்து நிறுத்துத் தருவதுபோலத்தான். அன்று கோபம் வந்தது. பிற்பாடு அந்த எலும்பில்தான் சூப் வைத்தேன் என்பது வேறு கதை.

அடுத்தது அளவு. "எல்லாம் 1/35" என்ற சொல்லை நம்பாமல் கடையிலிருந்து நுட்பமாக அளக்கும் வேர்னியரைக் கொண்டுவந்தேன். சோவியத் டி-34 டாங்கியின் ஓடு சில்லு, அதாவது சங்கிலியின் மேல் உருளும் சில்லு, நிஜத்தில் 830 மில்லிமீற்றர் விட்டம். 35 ஆல் வகுத்தால் 23.7 வர வேண்டும். பையில் 21 சில்லுத் தட்டுகள் இருந்தன. பதினேழு தட்டுகள் 23.7 காட்டின. நான்கு 17.3 இல் நின்றன. அது 1/48. விற்பனையாளருக்கு எழுதினேன், "கலவை" என்று போட்டிருந்தோமே என்று பதில் வந்தது. கலவை என்றால் வண்டிகளின் கலவையா, அளவுகளின் கலவையா? எங்கள் கடையில் இப்படி ஒரு பதிலைச் சொன்னால் வாடிக்கையாளர் சாமானை முகத்தில் எறிவார்.

இந்த 1/35 என்பதே விசித்திரமான எண். ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கிக்கு மோட்டார் வைத்து ஒரு மாதிரி செய்தபோது, உள்ளே இரண்டு பற்றரி அடங்க வேண்டும் என்று உடலின் அளவைத் தீர்மானித்தார்கள். செய்து முடித்துவிட்டு அளந்தபோது ஏறத்தாழ 35 இல் ஒரு பங்காக இருந்தது. பிறகு மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பற்றரிக்காகப் பிறந்த அளவு என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். எங்கள் தொழிலிலும் பல அளவுகளின் பூர்வீகம் இப்படித்தான்.

சரி, பைக்குள் என்ன? அந்தப் பதினேழு தட்டுகள். அமெரிக்க ஷேர்மன் டாங்கியின் கோபுரம் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி), மேல் பாதியும் கீழ்ப் பாதியும் முழுதாக. அதே ஷேர்மனின் உருண்டையான மூக்கு. ரப்பர்போல வளையும் சங்கிலி ஒன்றரை. பதினொரு ஜெரிக்கேன், அதாவது எரிபொருள் கேன்; ஒரு படைக்கே போதும். நெடுக்காகப் பிளந்த பீரங்கிக் குழாயின் இடது பாதி. வலது பாதி இல்லவே இல்லை. மூடிகள், கொக்கிகள், மண்வெட்டிகள். உடல் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அப்புறம் பிறை வடிவில் மெல்லிய துண்டு ஒன்று. 22 மில்லிமீற்றர் நீளம், ஓர் ஓரம் மடிந்தது. சட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததால் பாக எண் போய்விட்டது. மூன்று இரவு பார்த்தும் அது என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை. பதின்மூன்று வருட கவுண்டர் அனுபவத்துக்கு அது ஓர் அவமானம்.

இவற்றை வைத்து உலகில் ஓடிய எந்த டாங்கியையும் செய்ய முடியாது. ஆகவே ஓடாத ஒன்றைச் செய்வது என்று முடிவெடுத்தேன். இணையத்தில் இப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் கிடைத்ததையெல்லாம் ஒட்டி ஒரு முள்ளம்பன்றியை உண்டாக்குவதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. நிஜ டாங்கியில் ஒரு மூடி தவறான இடத்தில் இருந்தால் புகைப்படத்தைப் பார்த்துத் திருத்தலாம். கற்பனை டாங்கிக்குப் புகைப்படம் இல்லை. ஒவ்வொரு துண்டும் "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்பதற்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

வெவ்வேறு நாட்டுச் சாமான் ஒரே வண்டியில் எப்படி என்று யாரும் சிரிக்கத் தேவையில்லை. பின்லாந்துக்காரர்கள் கைப்பற்றிய சோவியத் பிடி-7 டாங்கியில் பிரித்தானிய 114 மில்லிமீற்றர் பீரங்கியை ஏற்றி பிடி-42 என்று 18 வண்டிகள் செய்தார்கள். எகிப்தியர்கள் ஷேர்மன் உடலில் பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13 இன் கோபுரத்தைப் பொருத்தினார்கள். மிச்சத்தில் வண்டி செய்வது பழைய பழக்கம்தான்.

ஒவ்வொரு துண்டும் பதில் சொல்ல வேண்டும் என்ற என் விதிக்கு முதலில் பலியானது ஷேர்மனின் மூக்கு. பையிலேயே அழகான துண்டு அது. ஆனால் அந்த மூக்கு உருண்டிருப்பதே உள்ளே கியர்கள் இருப்பதால்தான். ஷேர்மனில் சங்கிலியை இழுக்கும் பற்சில்லு முன்னால் இருக்கும். டி-34 இலோ அது பின்னால். ஓடு சில்லுகள் டி-34 உடையவை என்று ஆனபின் முன்னால் அந்த மூக்குக்கு வேலை இல்லை. மனமில்லாமல் ஓரமாக வைத்தேன். அதற்குப் பதிலாக ஒரு நன்மை: டி-34 இன் பெரிய சில்லுகளின் மேலேயே சங்கிலி திரும்பி வந்துவிடும், மேலே தனியாகச் சிறு உருளைகள் தேவையில்லை. இல்லாத சாமானைத் தேடும் வேலை மிச்சம்.

பக்கத்துக்கு ஐந்து சில்லு, சில்லுக்கு இரண்டு தட்டு. மொத்தம் இருபது வேண்டும். பதினேழுதான் உண்டு. நல்ல பத்தை வெளிப்பக்கம் போட்டேன். ஏழு உள்ளே. எஞ்சிய மூன்று இடத்தில் யோகட் கப்பின் அடித்தட்டை வட்டமாக வெட்டி வைத்தேன். இருட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

யோகட் கப் பற்றி ஒரு வார்த்தை. மாதிரிப் பெட்டிகளின் பிளாஸ்டிக் பொலிஸ்ரைரீன். கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் அதே சாதி. மாதிரிப் பசை பிடிக்கும். 5 என்று இருந்தால் வீணாக மெனக்கெட வேண்டாம். இந்தப் பசை ஒட்டுவதில்லை, உருக்குகிறது. இரண்டு துண்டுகளின் விளிம்பும் கரைந்து ஒன்றாகி இறுகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலில் வராது. கொழும்புக்குப் போன ஒருவரைக் கெஞ்சி வாங்குவித்தேன்.

சூப் வைத்த கதை இதுதான்: அந்த 130 கிராம் வெறும் சட்டத்தில் கொஞ்சத்தை மிளகு அளவுக்கு வெட்டிப் பசைப் போத்தலொன்றில் போட்டு ஓரிரவு விட்டால் தடித்த கஞ்சியாகிவிடும். இடைவெளி நிரப்ப அதைவிடச் சிறந்தது இல்லை, காய்ந்தபின் அதே பிளாஸ்டிக் அல்லவா. இன்னொரு துண்டை மெழுகுதிரிக்கு மேலே பிடித்து, பளபளக்கத் தொடங்கும் கணத்தில் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் தடிப்பில் நூலாக வரும். அதுதான் அன்ரெனா. முதல் நான்கு அறுந்தன. ஐந்தாவது ஒரு முழம் வந்தது.

உடலுக்கு சி.டி. உறைகள். அவையும் பொலிஸ்ரைரீன்தான், ஆனால் கண்ணாடிபோல வெடிக்கும். பிளேட்டால் பத்துத் தடவை கோடிழுத்து மேசை விளிம்பில் வைத்து மெல்ல முறிக்க வேண்டும். கோபுரம் உட்காரும் வளையம் ஷேர்மனில் 69 அங்குலம். மாதிரியில் 50 மில்லிமீற்றர். அந்த வட்டத்தை வெட்டும்போது முதல் உறை மூலைக்கு மூலை வெடித்தது. இரண்டாவதற்கு எடுத்தது எங்கள் கலியாண வீடியோவின் உறை. வீடியோ பத்திரமாகத்தான் இருக்கிறது. மனைவி இன்றும் அதை நம்பவில்லை.

சங்கிலி ஒன்றரைதானே. மேல் ஓட்டத்தை மறைக்கப் பக்கத் தகடு தொங்கவிட்டேன். ஜேர்மனியர்கள் தங்கள் டாங்கிகளில் தொங்கவிட்ட பக்கத் தகடு 5 மில்லிமீற்றர் தடிப்பு. மாதிரியில் அது 0.14. பிளாஸ்டிக்கில் செய்தால் கோட்டைச் சுவர்போல் தெரியும். டின் மீன் தகரம் கிட்டத்தட்ட அந்தத் தடிப்பு. இரண்டு நாள் மீன் வாடை போகவில்லை.

பீரங்கிக்குப் பாதிக் குழாய் எதற்கு உதவும்? குமிழ்முனைப் பேனையின் ரீபிலை எடுத்து மையைக் கழுவினேன். பிரித்தானிய 17-பவுண்டர் பீரங்கியின் வாய் 76.2 மில்லிமீற்றர்; 35 இல் ஒரு பங்கு 2.2. ரீபிலின் துவாரம் ஏறத்தாழ அவ்வளவு. இந்தப் பீரங்கியை ஷேர்மனில் ஏற்றி பிரித்தானியர் ஃபயர்ஃபிளை என்று ஒரு டாங்கி செய்தது உண்மை. உள்ளே இடம் போதாமல் பீரங்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தி, வானொலியைக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு கவசப் பெட்டிக்குள் தள்ளினார்கள். ஆகவே என் கோபுரத்துக்கும் பின்னால் ஒரு பெட்டி உண்டு. பெட்டிக்குள் வானொலி இருந்தால் சூடாகும். சூடானால் காற்றோட்டம் வேண்டும். அந்தப் பிறை வடிவத் துண்டைப் பெட்டியின் மேல் காற்றுத் துளைக்கு மூடியாக வைத்துப் பார்த்தேன். அதற்கென்றே வார்த்ததுபோல் உட்கார்ந்தது. பசையைத் தொட்டேன். மூன்று இரவின் அவமானம் தீர்ந்தது.

வர்ணத்தில் பட்ட பாடு பெரிது. அது ஜூலை, கச்சான் காற்று நெருப்பாய் அடித்த நேரம். ஸ்பிரே வர்ணம் டாங்கியில் படுமுன்பே காற்றில் காய்ந்து, தொட்டால் மணல் கடதாசிபோல் இருந்தது. தேய்த்து எடுத்துவிட்டு, காற்று ஓய்ந்த ஒரு விடியற்காலை கிணற்றடியில் நின்று மறுபடி அடித்தேன். சங்கிலியின் துருவுக்கு உடைந்த தயிர்ச் சட்டியை அம்மியில் பொடித்துத் துணியில் சலித்துப் பூசினேன். கடையில் துருத் தூள் என்று தனியாக விற்கிறார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு செம்மண் தூளைக் காசு கொடுத்து வாங்க எனக்கென்ன பைத்தியமா?

அம்மா வந்து பார்த்தார். 1990 இல், போர் நாளில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குருமண்வெளித் துறையில் தோணி ஏறியவர். இதுவரை நான் செய்த எந்த டாங்கியையும் கூடத்தில் வைக்க விட்டதில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருடையது, மகன்?" என்று கேட்டார். யாருடையதும் இல்லை, இப்படி ஒன்று எங்கேயும் ஓடவில்லை என்றேன். ஒன்றும் சொல்லாமல் சீலைத் தலைப்பால் ஷோகேஸின் கீழ்த்தட்டைத் துடைத்து இடம் ஒதுக்கினார்.

பைக்கு ஐந்தில் மூன்று கொடுப்பேன். எடை, அளவு இரண்டிலும் விற்பனையாளர் கை சுத்தமில்லை. உடலும் சங்கிலியும் கையில் இல்லாத புதியவர் இதை வாங்கினால் 6,800 ரூபாயும் ஜெரிக்கேனாகத்தான் கிடக்கும். ஏற்கெனவே இரண்டு மூன்று பெட்டி செய்து, வேர்னியரும் பொறுமையும் வைத்திருப்பவருக்கு மூன்று மாத இரவுகளுக்குத் தாங்கும். நான் அடுத்த பையும் எடுப்பேன், வேறு ஆளிடம்.

முடித்த மறுநாள் படத்தைக் கடைக்குக் கொண்டுபோய் எங்கள் நானாவிடம் காட்டினேன். அவர் எஞ்சின் வேலைக்காரர். டாங்கி பற்றி ஒன்றும் தெரியாது. தொலைபேசியை வாங்கி விரலால் பெரிதாக்கினார். பீரங்கியைப் பார்க்கவில்லை, சில்லைப் பார்க்கவில்லை. நேரே பின்பெட்டியில் வந்து நின்றார்.

"தம்பி, டாங்கிக்கு மேலே ஏன் மோட்டார் சைக்கிள் மட்காட்டை ஒட்டி வைத்திருக்கிறீர்?"

வாங்கிப் பார்த்தேன். முன் மட்காட்டின் ஒரு பாதி. பழைய ராணுவ மோட்டார் சைக்கிளுடையது. மடிந்த ஓரம்கூட அப்படியே. அன்று காலையில்தான் அதேபோல் இரண்டு விற்றிருந்தேன். இரவு வந்து பிளேட்டை விட்டு நெம்பிப் பார்த்தேன். பசை பிடித்துவிட்டது, அசையவில்லை.