பழைய ஃபெண்டர் பேஸ் வாங்கப் போகிறீர்களா? கன்ட்ரோல் பிளேட்டைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

சென்னையில் செகண்ட் ஹேண்டில் ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடல் பேஸ் கிட்டார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். ஃபெண்டரின் குறைந்த விலை பிராண்டான ஸ்குவையர் பேஸ் கிட்டாரின் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, ஃபெண்டர் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் வேலை நம் ஊரில் நடக்கிறது. எனக்கு அப்படி விற்றது முகம் தெரியாத ஆன்லைன் ஆசாமி அல்ல. போர்டு மாட்டி, ஜிஎஸ்டி எண்ணோடு பில் போடும் கடை. பெயரை இங்கே எழுதவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, அது அதன் வழியில் நடக்கட்டும்.

கடைக்காரர் சொன்னது இதுதான்: மெக்சிகோவில் செய்த ப்ளேயர் சீரிஸ் ஜாஸ் பேஸ், கறுப்பு நிறம், ஒரே ஓனர், அவர் கனடாவுக்குக் குடிபோகிறார், அதனால் கொடுத்துவிட்டுப் போகிறார். விலை 52,000 ரூபாய். பாதி விலைக்கும் கீழே சொல்லியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். இவர்கள் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய ப்ளேயருக்கு நியாயமாக என்ன விலை போகுமோ, அதை ஒட்டியே சொன்னார்கள். பேரம் பேசியதற்கு ஒரு கேஸும் ஸ்ட்ராப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கடையில் ஒருவர் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தேன். நான்கு கம்பியிலும், விரல் வைக்கும் இடங்களைப் பிரிக்கும் உலோகப் பட்டைகளான இருபது ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், கம்பி உரசும் 'பஸ்' சத்தம் எங்கும் இல்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக் எடுத்து இன்டொனேஷன், அதாவது சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன். வால்யூம், டோன் எதிலும் கரகரப்பு இல்லை. நெக்கின் (கழுத்தின்) நுனியில் பெயர் போட்டிருக்கும் பகுதியான ஹெட்ஸ்டாக்கின் பின்னால் எம்எக்ஸ்18 என்று தொடங்கும் சீரியல் எண், அதன் கீழே மெக்சிகோவில் தயாரிக்கப்பட்டது என்ற வாசகம். அந்த எண்ணை ஃபெண்டர் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ப்ளேயர் ஜாஸ் பேஸ் என்றுதான் வந்தது.

எண் அசல் எண்தான். ஆனால் அது வேறு எங்கோ இருக்கும் வேறொரு பேஸின் எண். விற்பனை விளம்பரங்களில் எல்லாரும் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்து அச்சடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? சீரியல் எண் சரியாக வந்தது என்றால் அந்த எண் உண்மை என்று மட்டும்தான் அர்த்தம். கையில் இருக்கும் கட்டையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இந்தத் தில்லுமுல்லு ஏன் ஸ்குவையரில் மட்டும் இவ்வளவு சுலபம் என்பதைப் புதிதாக வாசிக்க வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்குவையர், ஃபெண்டரின் சொந்தப் பெயர். அமெரிக்காவில் இசைக்கருவிகளுக்குக் கம்பி செய்துகொண்டிருந்த வி.சி. ஸ்குவையர் கம்பெனியை ஃபெண்டர் 1965-இல் வாங்கியது. 1982-இல் ஜப்பானில் செய்த குறைந்த விலைக் கிட்டார்களுக்கு அந்தப் பெயரை வைத்தது. மற்ற கம்பெனிகள் ஃபெண்டரின் ஹெட்ஸ்டாக் வடிவத்தை அப்படியே போட முடியாது, சட்டச் சிக்கல் வரும். ஸ்குவையர் போடலாம். ஆக ஹெட்ஸ்டாக் அச்சு அசலாக அதே வடிவம். ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம், இரண்டுக்கும் 34 அங்குலம். ஜாஸ் பேஸின் நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் படியும் கட்டை) அகலம் இரண்டுக்கும் ஒன்றரை அங்குலம். ஃபிங்கர்போர்டின் வளைவும் 9.5 அங்குலம், ஃப்ரெட்டும் இருபது. இவற்றை டேப் வைத்து அளந்தாலும் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. முன்னால் நின்று பார்ப்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பெயர் ஒன்றுதான்.

சத்தத்தில் தெரியாதா என்று பலர் கேட்டார்கள். கடையில் நமக்குக் கொடுப்பது சின்ன ப்ராக்டிஸ் ஆம்ப். திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. எட்டு அங்குல ஸ்பீக்கரில் அது சரியாக வெளியே வராது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் ஸ்தாயி ஒலிகளைத்தான். புதுக் கம்பியும் மாட்டி வைத்திருந்தால் எந்த ஜாஸ் பேஸும் பளிச்சென்றுதான் கேட்கும்.

விஷயம் வெளிவந்தது செட்டப் செய்ய, அதாவது வாசிக்க வசதியாகச் சரிசெய்யக் கொடுத்தபோது. வீட்டுக்கு வந்த பிறகு ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், கொஞ்சம் அதிகமாகப் பட்டது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு நெக் அசைவது சகஜம், அதனால் வழக்கமாக எங்கள் பேண்டுக்குச் சர்வீஸ் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வாங்கியதும் வாசிக்கவில்லை. ஹெட்ஸ்டாக்கை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது எங்க வாங்கினது?"

சொன்னேன். அவர் டார்ச்சை எடுத்து, வெளிச்சம் ஹெட்ஸ்டாக்கின் மேல் படுக்கையாக விழுகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தால் வழுவழுவென்று இருந்த இடத்தில் ஒரு லேசான பள்ளம் தெரிந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம். அதன் மேல் புதிதாக லாக்கர் எனும் மெருகுப் பூச்சு அடித்திருந்தார்கள். ஃபெண்டர் என்ற எழுத்துக்கு அடியில், வேறொரு எழுத்தின் வால் மங்கலாக வளைந்து போனது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவரால் கன்ட்ரோல் பிளேட்டைக் கழற்றினார். ஜாஸ் பேஸில் வால்யூம் இரண்டும் டோனும் ஜாக்கும் அந்த ஒரே உலோகத் தகட்டில்தான் இருக்கின்றன. கம்பியைத் தளர்த்தவே வேண்டாம். தகட்டைத் திருப்பினால் முழு வயரிங்கும் கண் முன்னால் வந்துவிடும். உள்ளே இருந்தவை ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய 'பாட்'டுகள், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள். ப்ளேயர் சீரிஸில் பெரிய அளவுப் பாட்டுகள் வரும். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் பட்டையாகச் செராமிக் காந்தம் ஒட்டியிருந்தது. ப்ளேயரில் இருப்பது அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் கொண்ட பிக்கப். அதில் நாம் மேலே பார்க்கிற அந்த உருளைகளே காந்தம், அடியில் தனியாகப் பட்டை எதுவும் இருக்காது.

கடைசியாக நெக்கைக் கழற்றினார். உண்மையைச் சொன்னால், அதுவரை எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது. முந்தைய ஓனர் பிக்கப்பையும் பாட்டையும் மாற்றியிருக்கலாம், நெக்கும் பாடியும் அசலாக இருக்கலாம் என்று. நெக்கின் அடிப்பாகத்தில் தொழிற்சாலை முத்திரை இருக்கும் இடத்தையும் தேய்த்து வைத்திருந்தார்கள். மையின் ஓரம் மட்டும் நீலமாக மிஞ்சியிருந்தது. வெளியே யாரும் பார்க்கவே போகாத இடம் அது. அந்த இடத்தையும் தேடிப்போய் தேய்த்திருக்கிறார்கள் என்றால், ஒரு ஹாபி ஆசாமி ஆசைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்ட கதை இல்லை இது. விற்பதற்கென்றே செய்தது.

அங்கே ஃப்ரெட் மாற்ற வந்திருந்த ஒரு அசல் ப்ளேயரைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையதன் பாடி சில மில்லிமீட்டர் மெலிசு. ஸ்குவையரின் விலை குறைந்த வரிசையான அஃபினிட்டி சீரிஸின் புதிய மாடல்களில் ஃபெண்டரே பாடியை மெலிதாகச் செய்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. தனியாகக் கடைச் சுவரில் தொங்கும்போது தெரியாது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில், "எங்களுக்கும் அப்படித்தான் சார் வந்துச்சு, நாங்க என்ன பண்றது" என்றார். சரி, விற்றவரின் பெயரைக் கொடுங்கள் என்றேன். அது முடியாது என்றார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது இது:

"பில்லப் பாருங்க சார். ஃபெண்டர்னு எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. 'பேஸ் கிட்டார், பழையது, 1' என்று இருக்கிறது. அதன் கீழே விற்ற பொருள் திருப்பி வாங்கப்படாது என்று சிவப்பு மையில் ஒரு சீல். வாங்கும்போதே மாடல் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும் என்றார். விஷயம் தெரியாமல் விற்றவர், தன்னையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் பதறுவார். பில்லில் பெயர் இல்லை என்பதை முதல் வாதமாக எடுத்து வைப்பவருக்கு எல்லாம் முன்பே தெரியும். அதற்குப் பிறகு, தெரிந்தேதான் விற்றார்கள் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கடையின் விளம்பரமும் அதற்குள் காணாமல் போயிருந்தது. நல்லவேளை, விலையும் மாடல் பெயரும் தெரியும்படி நான் முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பணமும் யுபிஐயில் போனது, வங்கிக் கணக்கில் பதிவு இருக்கிறது.

சட்டம் நம் பக்கம்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் புகார் கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பதிவு செய்துவிடுங்கள். போலி வணிகக் குறி போட்ட பொருளை விற்பது 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி தனிக் குற்றம், குறைந்தது ஆறு மாதம் சிறை. இதைக் கேட்ட பிறகுதான் கடைக்காரர் குரல் இறங்கி, வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு வேறு கிட்டார் வேண்டாம், பணம் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடையில் இல்லாமல் தனி ஆளிடம் வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது, போலீசுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் வட்டத்தில் சிலர், "சவுண்ட் நல்லாத்தானே இருக்கு, விட்டுத்தள்ளுங்க" என்கிறார்கள். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்குவையர் மட்டமான கருவி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒழுங்காகச் செட்டப் செய்து, நல்ல கம்பி மாட்டிய ஸ்குவையரை வைத்துக்கொண்டு மேடையில் வாசித்தால், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கும்போது எதிரே இருப்பவர் யாருக்கும் பெயர் தெரியப் போவதில்லை. பேஸில் பாதி சத்தம் விரலில் இருக்கிறது. முதல் பேஸ் வாங்க வரும் பிள்ளைகளுக்கு நானே ஸ்குவையரைத்தான் சொல்கிறேன், இனியும் சொல்வேன். இதையும் ஸ்குவையர் என்றே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எந்த மனக்குறையும் இல்லை. நேர்மையான ஒரு கருவியின் பெயரை அழித்துத்தான் இந்தத் திருட்டைச் செய்கிறார்கள் என்பது எனக்குக் கூடுதல் ஆத்திரம். தவிர, நான் விட்டுத்தள்ளினால் இந்தப் பேஸ் என்றாவது கை மாறும். பார்ட் டைம் வேலை பார்த்து, மாதா மாதம் சேர்த்து வைத்த பணத்தோடு வரும் ஒரு கல்லூரிப் பையன் அதை ஃபெண்டர் என்று நம்பி வாங்குவான். அதனால் கன்ட்ரோல் பிளேட்டுக்கு அடியில், மரத்தின் மேலேயே, இது ஸ்குவையர் என்று பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிளேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, கருவிக்கு ஒன்றும் ஆகாது. வாரன்டி போய்விடும், ஃபினிஷ் கெட்டுவிடும் என்று யாராவது மழுப்பினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பழைய கருவிக்கு ஏது வாரன்டி? ஹெட்ஸ்டாக்கின் மேல் டார்ச்சைப் படுக்கையாக அடித்துப் பாருங்கள். ஸ்டிக்கரின் விளிம்பு நகத்தில் தட்டினால் போலி என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். ஃபெண்டரே சில காலங்களில் லாக்கருக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறது. பெரிய தொகை என்றால் சர்வீஸ் செய்பவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. பில்லில் கம்பெனி, மாடல், சீரியல் எண் மூன்றும் வந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் வராது என்றால் பில்லின் பின்னால் கையால் எழுதி, கடை சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். அது கைக்கு வந்த பிறகு ஜிபே பண்ணுங்கள்.

என்னிடம் விற்ற கடையில் இன்னும் இரண்டு ஜாஸ் பேஸ் தொங்குவதாக நண்பர் ஒருவர் நேரில் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரே புகாராகத் தொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. இதே மாதிரி ஒட்டுப்பெயரோடு பேஸோ கிட்டாரோ வாங்கியவர்கள் பில்லையும், பிளேட்டைத் திறந்து எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நோட்டீஸுக்குக் கொடுத்த கெடு முடிந்ததும் நான் புகார் தாக்கல் செய்யப் போகிறேன். அதற்குள் வந்தால் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.