நுண்குமிழ் டிஃப்யூசரோடு ஏழு வருடம்

எங்கள் எஸ்டிபியில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) காற்றூட்டும் ஏரேஷன் டேங்கில் 4 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அடியில் வரிசையாக ரப்பர் மெம்பரேன் (மெல்லிய சவ்வு) போர்த்திய டிஸ்க்குகள், அவைதான் டிஃப்யூசர்கள். ஏழு வருடமாக அவற்றோடுதான் என் பொழுது போகிறது.

புளோயர் தள்ளும் காற்று மெம்பரேனில் உள்ள ஊசிக்கீறல்கள் வழியே 1 முதல் 3 மில்லிமீட்டர் குமிழ்களாக வெளியேறும். குமிழ் சிறுத்தால் அதே காற்றுக்குப் பரப்பு கூடும், மேலே வந்து சேரவும் நேரமாகும். அந்த நேரத்தில்தான் ஆக்ஸிஜன் தண்ணீரில் கரைகிறது. கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அதுதான் மூச்சு. சுத்தமான தண்ணீரில் மீட்டர் ஆழத்துக்கு, ஊதும் ஆக்ஸிஜனில் சுமார் 6 சதவீதம் கரையும் என்பது பொதுவான கணக்கு. அதை அப்படியே நம்பிப் புளோயர் வாங்காதீர்கள். சோப்பு கலந்த கழிவுநீரில் பல சமயம் அதில் பாதிதான் தேறும்.

முதல் இரண்டு வருடம் குறையே இல்லை. தூறல் விழுந்த மாதிரி டேங்க் முழுக்க ஒரே சீராகக் குமிழ். டிஓ, அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன், லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதில்லை.

மூன்றாம் வருடம் இறங்கியது. நான் புளோயர் வேகத்தைக் கூட்டினேன். கரண்ட் பில்தான் ஏறியது. புளோயரின் காற்று ஃபில்டர் மேல் பழி போட்டு அதை இரண்டு தடவை மாற்றியது தனிக்கதை. கடைசியில்தான் பிரஷர் கேஜைப் பார்த்தேன். பழைய வேகத்துக்கே கொண்டுவந்தும் 0.45 பாரில் இருந்த முள் 0.54ஐக் காட்டியது. தண்ணீரின் ஆழத்துக்கே கிட்டத்தட்ட 0.4 பார் போய்விடும், அது மாறாது. அப்படியானால் ஏறியதெல்லாம் அடைப்புதான். டேங்கைக் காலி செய்தால், டிஸ்க் மேல் வழவழவென்று ஒரு படலம், அதற்கடியில் சுண்ணாம்புப் பொருக்கு. படலம் பிரஷ்ஷுக்கே போனது, பொருக்குக்கு நீர்த்த ஆசிட் தேவைப்பட்டது. அப்புறம் முள் 0.47க்கு வந்தது.

ஐந்தாம் வருடம் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. ஒரு டிஸ்க் கிழிந்திருந்தது. காற்று சுலபமான வழி பார்த்து அங்கேயே ஓட, பக்கத்து டிஸ்க்குகளுக்குப் பங்கு குறைந்துவிட்டது. கழற்றியதை விரலால் வளைத்துப் பார்த்தேன். புதிதில் ரப்பர் பேண்டு மாதிரி நெளிந்தது, இப்போது பழைய செருப்பு வார் மாதிரி விறைத்திருந்தது. இப்படி விறைத்தால் புளோயர் நின்றதும் கீறல்கள் சரியாக மூடாது, ஸ்லட்ஜ் (டேங்கில் உள்ள கழிவுச் சகதி) உள்ளே இறங்கிவிடும்.

இந்த வருடம் எல்லா மெம்பரேனையும் மாற்றினோம். தினமும் காலையில் கேஜ் ரீடிங் நோட்டில் ஏறுகிறது. கிழிந்தது மட்டும் என் மேஜையில் இருக்கிறது, புதிதாக வரும் ஆபரேட்டருக்கு வளைத்துக் காட்ட.