காதுச் சவ்வு ஆபரேஷன்: கிருஷ்ணகிரி கிளினிக் ஒன்றைப் பற்றி

மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் என் தம்பிக்குப் பல வருஷமாகக் காதில் சீழ். இங்கே ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில்தான் காதுச் சவ்வில் இருந்த ஓட்டையை ஒட்டினோம். டாக்டர் அவசரப்படவில்லை. சீழ் நின்று காது காய்ந்த பிறகே தேதி கொடுத்தார். ஓட்டை எவ்வளவு பெரிது, சவ்வின் எந்தப் பக்கம், மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் சரியாக வேலை செய்கிறதா, இதையெல்லாம் பொறுத்துத்தான் ஒட்டு பிடிக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். முன்பக்க ஓட்டை கொஞ்சம் சிரமமாம். "பீடியை விட்டுட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று அவனிடம் நேராகவே சொன்னார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. வீட்டில் யார் சொல்லியும் கேட்காதவன்!

காதுக்கு மேலிருக்கும் தசையின் உறையை எடுத்து ஒட்டினார்கள். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான், குளிக்கும்போது வாஸ்லைன் தடவிய பஞ்சு. உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் கரையும்வரை காது அடைத்த மாதிரியே இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னதால் நாங்கள் பதறவில்லை.

குறை டோக்கன்தான். எந்த வரிசையில் கூப்பிடுகிறார்களோ தெரியாது, நாற்காலியும் போதாது. ஊத்தங்கரை பக்கமிருந்து வருபவர்கள் காலையிலேயே பஸ் பிடித்துவிடுங்கள்.