ஹாலிடேவா, ஃபெய்ன்மனா, இரோடோவா?

இயற்பியலுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவரிடம் முதலில் ஒரு கணக்கை நீட்டுவேன். 30 பாகை சாய்தளம், உராய்வு இல்லை, மேலே 2 கிலோ கட்டை. தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகக் கட்டைக்குத் தரும் விசை எவ்வளவு?

பலரும் 2-ஐ 9.8-ஆல் பெருக்கி 19.6 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். கொசைன் 30-ஐயும் (cos 30°) சேர்த்துப் பெருக்கினால்தான் சரியான விடை, ஏறத்தாழ 17 நியூட்டன், வரும். தவறு கணிதத்தில் இல்லை. கட்டை மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படம் போடாததில் இருக்கிறது. இப்படிப்பட்டவர் கையில் இரோடோவின் கடினமான கணக்குத் தொகுப்பைக் கொடுப்பது அநியாயம்.

அவருக்கு ஹாலிடே–ரெஸ்னிக் எழுதிய பாடநூல் சரி. 1960-ல் முதல் வடிவம் வந்த நூல். விளக்கம், தீர்த்துக் காட்டிய கணக்கு, பயிற்சி என்று கைபிடித்து அழைத்துப் போகும். ஆபத்தும் அதே இடத்தில்தான். தீர்த்த கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டே அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். நீங்கள் கற்றுக்கொடுப்பவரானால், விடையைத் தாளால் மூடிக்கொண்டு, படத்தை மட்டும் முதலில் தானே போடச் சொல்லுங்கள். பணம் தடையென்றால், இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ மூன்று தொகுதிகளும் இணையத்தில் இலவசம். கணக்குகளில் அந்த மெருகு இல்லை என்பது என் எண்ணம், ஆனால் தொடங்கப் போதும். நுண்கணிதம் தெரியாதவர் அவர்களுடைய ‘காலேஜ் ஃபிசிக்ஸ்’ பக்கம் போகலாம்.

ஃபெய்ன்மன் விஷயம் வேறு. இயற்பியலாளரான அவர் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகளின் நூல் வடிவம். நான்காம் அத்தியாயத்தில் இதே சாய்தளம் வருகிறது. விசையைப் பிரித்துக் காட்டாமல், பழைய கணித அறிஞர் ஸ்டெவினஸின் சங்கிலியை வைத்து விடையை வரவழைக்கிறார். முக்கோணத்தைச் சுற்றிப் போட்ட சங்கிலி தானாகச் சுழலாது, சுழன்றால் நடக்கவே முடியாத ஓயாத இயக்கம் ஆகிவிடும், அவ்வளவுதான் வாதம். படித்ததும் எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கும். உடனே அந்தக் கட்டைக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், மறுபடி 19.6 வரலாம். விரிவுரைத் தொகுதிகளுக்குள் பயிற்சிக் கணக்குகள் கிடையாது. மாணவர்களுக்கு இது எந்த அளவு பயன்பட்டது என்று முன்னுரையில் அவரே சந்தேகப்பட்டிருக்கிறார். கணக்குப் போட்டு முடித்த பிறகு படிக்க இதைவிடச் சுகமான நூல் எனக்குத் தெரியாது. முதல் நூலாக வேண்டாம்.

கிளெப்னர்–கொலென்கோ எழுதிய நூல் 1973-ல் வந்தது, இயக்கவியல் மட்டும். இங்கே சாய்தளமே தரையில் நகரத் தொடங்கிவிடும். கட்டையின் முடுக்கமும் தளத்தின் முடுக்கமும் எப்படிக் கட்டுண்டவை என்று வடிவியலிலிருந்து எழுத வேண்டும். பள்ளியில் நன்றாகப் போட்டவர்களே இங்கே தடுமாறுவார்கள். வகையிடல் சரளமாக வந்தால் தயங்காமல் வாங்கலாம்.

இரோடோவ் பாடநூல் இல்லை, ஏறத்தாழ 1900 கணக்குகளின் தொகுப்பு. பின்னால் விடை இருக்கும், வழி பெரும்பாலும் இருக்காது. வரிசையாகப் போட்டு முடிக்கிறேன் என்று கிளம்புபவர் பாதியில் விட்டுவிடுவார். அத்தியாயத்துக்கு நாலைந்து கணக்கை நீங்களே குறித்துக் கொடுங்கள். சிக்கிக்கொண்டு உங்களிடம் வந்தால் பேனாவை வாங்காதீர்கள். “கட்டையை எதெது தொடுகிறது?” என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் திணறினால், அந்த வாரம் ஹாலிடேவுக்கே திரும்பிப் போகட்டும்.