ஓமான் எண்ணெய் வயலில் டேங்கர் வேலை என்று சொல்லி 1,85,000 ரூபாய் பறித்தார்கள்: கனரக வாகன ஓட்டுநர்கள் கவனத்திற்கு

கடந்த வியாழக்கிழமை மாலை 6 மணி முதல் நள்ளிரவு 1 மணி வரை சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்துக்கு வெளியே, கயிறு கட்டிய பெட்டியோடும் அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த குழம்புப் பொடியோடும் நின்றிருந்தேன். மஸ்கட் விமானம் இரவு 11.40 மணிக்கு. அங்கே எனக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன நிறுவனத்தார், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றையும் தங்கள் அலுவலகப் பையன் நான்கு மணி நேரம் முன்னதாகவே நுழைவாயிலில் கொண்டு வந்து கொடுப்பான் என்று சொல்லியிருந்தார்கள். பையன் வரவில்லை. 9 மணிக்கு மேல் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. 10 மணிக்கு என் பழைய நண்பர் ஒருவர், வாட்ஸ்அப்பில் எனக்கு வந்திருந்த டிக்கெட் நகலில் இருந்த எண்ணை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அந்த டிக்கெட் இரண்டு நாளைக்கு முன்பே ரத்து செய்யப்பட்டுவிட்டது என்று சொன்னார். அதன் பிறகும் 1 மணி வரை நான் அங்கேயே நின்றேன். நான் இழந்த தொகை 1,85,000 ரூபாய்.

இந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். வடசென்னையில் முதன்மைச் சாலை ஒன்றில், இரண்டாம் மாடியில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதன வசதியும் வைத்து நடத்தப்படும் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு ஆலோசனை அலுவலகம் என்பது வரை சொல்லலாம்.

நான் சங்ககிரிப் பக்கத்துக்காரன். கனரக உரிமம் எடுத்துப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் பத்துச் சக்கர லாரியில் சிமென்ட் லோடு ஓட்டினேன். கடைசி ஆறு ஆண்டுகள் சமையல் எரிவாயு டேங்கர். மங்களூரிலும் கொச்சியிலும் ஏற்றிக்கொண்டு வந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைகளில் இறக்கும் வேலை. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான பயிற்சியை முடித்து, அந்த ஒப்புதலை உரிமத்தில் தவறாமல் புதுப்பித்து வருகிறேன். ஆறு ஆண்டில் ஒரு கசிவு இல்லை, ஒரு உரசல் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர்கள் என்னை வளைத்துப் போட்டது இந்த இடத்தில்தான்.

வளைகுடா எண்ணெய் வயல்களில் வண்டி ஓட்ட நினைக்கும் எவருக்கும் முதல் வேலைதான் மலை. எந்த நல்ல நிறுவனத்திடம் கேட்டாலும் எண்ணெய் வயலில் முன் அனுபவம் உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை கிடைக்காமல் அனுபவம் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அந்தத் தவிப்பை நன்றாகத் தெரிந்துகொண்ட கூட்டம் இது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு சமூக வலைத்தளத்தில், "எண்ணெய் வயல் அனுபவம் தேவையில்லை, டேங்கர் அனுபவம் போதும்" என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

அலுவலகத்துச் சுவரில் ஓமான் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. ஃபஹூத், நிம்ர், மர்மூல் ஆகிய இடங்களில் சிவப்பு ஊசி குத்தியிருந்தார்கள். இவை உண்மையான எண்ணெய் வயல்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதும் சரியாகவே இருந்தது. எண்ணெய்க் கிணறு துளைக்கும் இடங்களுக்கு டீசல் கொண்டுபோய்க் கொடுக்கும் டேங்கர் வேலை, மாதம் 220 ரியால், நம் பணத்தில் ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று நிர்வாகி என்று சொல்லிக்கொண்டவர் விவரித்தார். அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வற்புறுத்தவே இல்லை. "நீங்கள் சரி என்றாலும் எங்களுக்குப் போதாது தம்பி, முதலில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், தேறவில்லை என்றால் நாங்களே வேண்டாம் என்றுவிடுவோம்" என்றார்.

செங்குன்றத்தைத் தாண்டி ஒரு வெற்று மனையில் தேர்வு வைத்தார்கள். இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த பழைய டிரெய்லர் வண்டி ஒன்று நின்றது. ஆரஞ்சு நிற முழு அங்கி அணிந்த ஒருவர் அட்டையில் தாளைச் செருகி வைத்துக்கொண்டு குறித்தபடி இருந்தார். நாங்கள் 23 பேர். நான்கு தார் டிரம்களை நிறுத்தி, அவற்றுக்கு இடையில் டிரெய்லரைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. எனக்கு முன்னால் ஏறியவர்களில் சிலர் டிரம்மைத் தட்டிவிட்டார்கள். ஒருவரை இறக்கி, அவர் கட்டிய பணத்தை எண்ணி அவர் கையிலேயே எங்கள் கண்ணெதிரில் திருப்பிக் கொடுத்தார்கள். நான் ஏறி, இடப்பக்க ஸ்டீயரிங் பழக இரண்டு முறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை ஒரே வெட்டில் உள்ளே கொண்டு போய் நிறுத்தினேன். அங்கி அணிந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, டிரம்முக்கும் சக்கரத்துக்கும் இடையில் தன் கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டினார். "இந்தக் கைக்கு இந்தியாவில் என்ன வேலை?" என்று கேட்டார்.

என் வேலையை அப்படி ஒருவர் அளந்து பார்த்துப் பாராட்டியது அதுதான் முதல் முறை. ஏமாற்றுகிறவன் எதற்கு வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லப் போகிறான், தேறாதவனுக்கு எதற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறான் என்று அன்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். பணம் திருப்பி வாங்கிய அந்த மனிதர் அவர்களுடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. என் கையில் ஆதாரம் இல்லை. ஆனால் அன்று எங்களோடு தேர்வுக்கு வந்தவர்களில் நான் பேசிய நான்கு பேரில் ஒருவருக்கும் அவர் எந்த ஊர் என்று தெரியவில்லை.

பிறகு பணம் படிப்படியாகப் போயிற்று. தேர்வுக் கட்டணம் 3,500 ரூபாய். மருத்துவப் பரிசோதனை என்று 6,500. ஹைட்ரஜன் சல்பைடு பாதுகாப்புச் சான்றிதழும் தற்காப்பு ஓட்டுதல் (ஆபத்தை முன்கூட்டியே கணித்து விபத்தைத் தவிர்த்து ஓட்டும் முறை) சான்றிதழும் இல்லாமல் எண்ணெய் வயலுக்குள் விடமாட்டார்கள் என்று 25,000. விசா நகல் வந்ததும் 1,50,000. கடைசித் தொகையில் ஒரு லட்சம் கூட்டுறவு வங்கியில் வைத்த நகைக்கடன்; ஐம்பதாயிரம் என் லாரி முதலாளி, ஆறு ஆண்டு உழைத்தவன் என்பதற்காக எழுத்தில்லாமல் கொடுத்தது. மொத்தம் 1,85,000 ரூபாய். பெரும்பகுதி தனிநபர் ஒருவரின் சேமிப்புக் கணக்குக்கு யுபிஐ மூலம் போனது. நிறுவனத்தின் கணக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, தணிக்கை நடப்பதால் தற்காலிக ஏற்பாடு என்றார்கள்.

அந்த ஹைட்ரஜன் சல்பைடு சான்றிதழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வகுப்பு எதுவும் நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு பக்கம் வந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி எட்டு மணி நேரம் நான் நேரில் பயிற்சி பெற்றதாக அதில் அச்சிட்டிருந்தார்கள். ஏப்ரல் 9ஆம் தேதி நான் மங்களூரில் லோடுக்காக வரிசையில் நின்றிருந்தேன். அதைப் பார்த்தேன், பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெறும் காகிதம்தானே என்று நினைத்தேன். ஹைட்ரஜன் சல்பைடு எண்ணெய்க் கிணறுகளில் கச்சா எண்ணெயோடும் எரிவாயுவோடும் சேர்ந்து வெளிவரும் நச்சு வாயு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நினைக்கும்போதே உயிர் போய்விடும். அந்தப் பயிற்சியைப் பொய்யாக எழுதிக் கொடுக்கிறவன் பணத்தை மட்டும் திருடவில்லை.

விமான நிலையத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை நேராக அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், "சார் மீட்டிங்கில் இருக்கிறார், உட்காருங்கள் அண்ணா" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். மாலையில் வரச் சொன்னார்கள். மாலையில், ஓமானில் ஒதுக்கீடு மாறிவிட்டது, அடுத்த குழுவில் அனுப்புகிறோம், அதற்கு 20,000 ரூபாய் கூடுதலாக ஆகும் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது." நான் கட்டியது வேலைக்கு, ஆலோசனைக்கு அல்ல என்றேன். 45 வேலை நாள் கழித்து மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். எந்த முகவரிக்கு என்று கேட்டால் பதில் இல்லை. சனிக்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அன்று இரவே நிர்வாகியின் புகைப்படம் மறைந்தது, நான் அனுப்பும் செய்தி ஒற்றை டிக் குறியோடு நின்றுபோயிற்று. என்னைத் தோளில் தட்டிய மனிதரின் எண்ணும் அப்படியே.

மஸ்கட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர் விசா நகலை ராயல் ஓமான் காவல் துறையின் தளத்தில் சரிபார்த்து, அப்படி ஒரு எண்ணே இல்லை என்றார். எனக்கு வயிறு எரிந்தது அதற்கு மேல் அவர் சொன்னதைக் கேட்டுத்தான். ஓமானில் எரிபொருள் ஏற்றும் வாகனங்களை ஓட்டும் வேலையை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்று 2021ஆம் ஆண்டிலேயே அவர்கள் அரசு அறிவித்திருக்கிறது. எந்த அனுபவத்தைப் புகழ்ந்து என்னைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்களோ, அந்த அனுபவத்துக்கான வேலை வெளிநாட்டவருக்கு அங்கே திறந்தே இல்லை. இந்திய உரிமமே போதும் என்று சொன்னதும் பொய். அங்குள்ள காவல் துறையின் தேர்வில் தேறாமல் கனரக வண்டியில் ஏற முடியாது.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் ஓமான் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி கட்டாயம். அதைக் கேட்டபோதெல்லாம், "அது எங்கள் பொறுப்பு" என்றார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற முகவர்தான் ஆள் எடுக்க முடியும். அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. என்னிடம் வாங்கியது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. அதில் இவர்கள் பெயர் இல்லை.

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். மத்தியக் குற்றப்பிரிவுக்கும் போகச் சொல்லியிருக்கிறார்கள். இணையவழிப் பண மோசடிக்கான 1930 எண்ணை நான் நான்காம் நாள்தான் அழைத்தேன். அதற்குள் கணக்கில் இருந்த பணத்தை எடுத்துவிட்டார்கள்.

எண்ணெய் வயலில் முதல் வேலையை முறையாகத் தேடுவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இமைக்ரேட் தளத்தில் நீங்களே பாருங்கள், அவர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காட்டும் சான்றிதழைப் பார்த்து நம்பாதீர்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். விசா நகல் வந்த அன்றே அந்த நாட்டின் அரசுத் தளத்தில் சரிபார்க்கச் செய்யுங்கள். வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள் என்பதற்காக நம்பாதீர்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அடுத்த நிமிடமே 1930ஐ அழையுங்கள், என்னைப்போல் நாள் கடத்தாதீர்கள்.

என் பாஸ்போர்ட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நேற்று வேறொரு எண்ணிலிருந்து ஒருவர் பேசினார்: கோப்பை முடிக்க 15,000 ரூபாய் கட்டினால் பாஸ்போர்ட்டைத் தருவார்களாம். அந்த அழைப்பைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போகிறேன். செங்குன்றம் மனையில் அன்று எங்களோடு டிரெய்லர் ஏறிய மற்றவர்கள் இதைப் படித்தால், உங்கள் ரசீதோடு வந்து சேர்ந்துகொள்ளுங்கள். 23 பேரில் இதுவரை ஐந்து பேர்தான் சேர்ந்திருக்கிறோம்.