சவுத்தாம்ப்டனில் இறங்கிய ஜப்பான் கார்: ஏஜென்டா நீங்களா, லாரியா சாவியா?

ஜப்பான் கார் ஏலத்தில் நூறு பவுண்ட் குறைக்க ஒரு வாரம் மெனக்கெடுபவர்கள்கூட, கப்பல் வந்தபின் வண்டியை எப்படி எடுப்பது என்பதைக் கப்பல் வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். துறைமுகத்தில் வாடகையில்லா நாட்கள் சொற்பம். அவை முடிந்ததும் நாள் வாடகை ஏறும். ஏலத்தில் மிச்சம் பிடித்த நூறு பவுண்ட் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். ஜப்பானிலிருந்து பிரிட்டனுக்குச் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு காரை இறக்குபவர் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதைப் பார்ப்போம். இந்த முடிவுகள் எல்லாமே யோகோஹாமாவில் வண்டி கப்பல் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டியவை.

ரோ-ரோ, கன்டெய்னர்

ரோ-ரோ கப்பலில் வண்டியை ஓட்டி ஏற்றி, ஓட்டி இறக்குவார்கள். கட்டணம் கன மீட்டர் கணக்கு. முதல் தலைமுறை டொயோட்டா அல்ஃபார்ட் ஏறத்தாழ 17 கன மீட்டர்; சின்ன கே கார் அதில் பாதிதான். ஆகவே சுஸுகி எவ்ரி வாங்குபவருக்கு ரோ-ரோ கொள்ளை மலிவு, அல்ஃபார்ட் வாங்குபவருக்கு அவ்வளவு இல்லை. வண்டி தானாக ஓட வேண்டும், சாவி வண்டியோடு போகும், உள்ளே தனிச் சாமான் வைக்கக் கூடாது. கழற்றிய அலாய் சக்கரத்தைப் பின்சீட்டில் வைத்து அனுப்பினால் திரும்பி வரும் என்று நம்பாதீர்கள்.

கன்டெய்னரில் உதிரிபாகமும் போகும், ஓடாத வண்டியும் போகும். ஆனால் 40 அடிப் பெட்டியில் மூன்று, நான்கு பேரின் கார்கள் சேர்ந்து வரும்போது ஒருவருடைய தாள் சரியில்லை என்றாலும் மொத்தப் பெட்டியும் நிற்கலாம். பெட்டியை எக்ஸ்-ரேக்கு எடுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். துறைமுகத்துக்குள் பெட்டி தங்கினால் ஒரு கட்டணம், வெளியே எடுத்த காலிப் பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் இன்னொன்று. விலைப்புள்ளியில் கடல் கூலியை மட்டும் பார்த்துவிட்டு, ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்துக் காரை வெளியே எடுக்கும் கூலியை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

ஓடுகிற சாதாரண வண்டிக்கு ரோ-ரோ போதும். 30 வயதைத் தாண்டிய பழைய ஸ்கைலைன், ரோவர் மினி மாதிரி வண்டிக்குக் கன்டெய்னர் காசு தகும்.

இன்ஷூரன்ஸ் இரண்டுக்கும் ஒன்றல்ல. பயன்படுத்திய காருக்கு ரோ-ரோவில் பலர் தருவது "மொத்த இழப்பு மட்டும்" என்ற பாலிசி. கீறல், நெளிவு அதில் வராது. கப்பல் கம்பெனியிடம் கேட்டாலும் ஹேக்-விஸ்பி என்ற சர்வதேசக் கடல் சரக்கு விதிப்படி பொறுப்புக்கு வரம்பு உண்டு: ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.பின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. 1,400 கிலோ காருக்கு அது 2,800 எஸ்.டி.ஆர்., மூவாயிரம் பவுண்டை ஒட்டி வரும்.

மூலத் தாளா, டெலக்ஸ் ரிலீஸா

வண்டியை விடுவிக்கும் திறவுகோல் பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டுதான். மூலப் பிரதி கூரியரில் வரவேண்டிய முறையில், தாள் தொலைந்தால் வங்கி உத்தரவாதம், வக்கீல் கடிதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். டெலக்ஸ் ரிலீஸில் மூலத்தை ஜப்பானிலேயே ஒப்படைத்துவிடுவார்கள்; இங்கே பெயரைச் சரிபார்த்து விடுவிப்பார்கள். முன்பின் தெரியாத ஏற்றுமதியாளர் என்றால், பணம் முழுதும் கொடுப்பதற்கு முன் மூல பில்லின் நகலையாவது வாங்கி, பெறுநர் இடத்தில் உங்கள் பெயரும் சேசிஸ் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் திருத்தக் கட்டணம் கேட்பார்கள், திருத்தம் வரும்வரை வாடகை ஓடும்.

ஜப்பானிய ஏற்றுமதிச் சான்று வேறு தாள். பில்லை டெலக்ஸில் முடித்தாலும் இதன் மூலப் பிரதி கூரியரில் வந்தே ஆகவேண்டும்; பின்னால் டி.வி.எல்.ஏ. (பிரிட்டன் வாகனப் பதிவுத் துறை) பதிவுக்கு மொழிபெயர்ப்போடு அதைத்தான் அனுப்புவீர்கள்.

ஏற்றுமதியாளருக்குப் பணம்

வங்கியில் ஸ்விஃப்ட் அனுப்பும்போது இடைவங்கிக் கட்டணம் யாருக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். "பகிர்வு" என்று விட்டால் வழியிலுள்ள வங்கி இரண்டாயிரம், மூவாயிரம் யென் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறைக்காக பில்லை விடாமல் வைத்திருப்பார்கள். அதை நிரப்ப இன்னொரு ஸ்விஃப்ட், இன்னொரு கட்டணம், நான்கு நாள். முழுக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று குறித்து, யென்னிலேயே அனுப்புங்கள். நாணய மாற்று நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கியைவிட நல்ல விகிதம் தரும். அனுப்பும் முன் உங்கள் இன்வாய்சில் இருக்கும் பெயருக்கே கணக்கு இருக்கிறதா என்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடைசி நேரத்தில் வரும் மின்னஞ்சல் ஏமாற்று வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுங்கம்: நீங்களே, அல்லது ஏஜென்ட்

தனியாள் தானே சுங்க அறிக்கை தாக்கல் செய்யத் தடையில்லை. நடைமுறையில் சுங்க அறிக்கைக்கான சி.டி.எஸ். கணினி முறையும், துறைமுகச் சரக்கு முறைக்கான பதிவும் ஏஜென்டுகள் கையில்தான் இருக்கின்றன. ஒரே காருக்காக இதைக் கற்றுக்கொள்வது வெட்டி வேலை. ஆகவே நிஜமான ஒப்பீடு இரண்டு ஏஜென்டுகளுக்கு இடையில்: ஏற்றுமதியாளர் கைகாட்டுபவர், நீங்களே தேடிப் பிடிப்பவர். முன்னவர் வசதி, ஆனால் எந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது என்பது மங்கல். இருவரிடமும் அறிக்கைக் கட்டணம், வரியை முன்பணமாகக் கட்டுவதற்கான சதவீதம், டெலிவரி ஆர்டர், துறைமுகக் கையாளல், நோவா அறிவிப்பு (வண்டி நாட்டுக்குள் வந்ததை வரித்துறைக்குச் சொல்வது) ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். "கிளியரன்ஸ் 95 பவுண்ட்" என்ற வரியை நம்பிப் போனால் மீதி நான்கு வரி பிறகு வரும். வரித் தொகையை முன்கூட்டியே ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டால் முன்பணக் கட்டணத்தைப் பலர் தள்ளுபடி செய்வார்கள், கேட்டால்தான் செய்வார்கள். ஏஜென்ட் நேரடிப் பிரதிநிதியாக மட்டும் கையெழுத்திட்டிருந்தால், அறிக்கையில் பிழை வந்து வரி பாக்கி நின்றால் பொறுப்பு உங்களுடையது.

வரிக் கணக்கு இப்படி. காரும் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்து 8,000 பவுண்ட் என்று வைப்போம். 10 சதவீதச் சுங்கம் 800. துறைமுக, உள்நாட்டுச் செலவு 400 சேர்த்தால் 9,200. அதற்கு 20 சதவீத வாட் 1,840. மொத்தம் 2,640. இதே வண்டி 30 வயது நிறைந்து, சேசிஸ், ஸ்டியரிங், பிரேக், எஞ்சின் பெரிதாக மாறாமல், அந்த மாடல் உற்பத்தியும் நின்றிருந்தால் 9705 என்ற சுங்கத் தலைப்பில் (சேகரிப்புப் பொருட்கள்) போகும்: சுங்கம் இல்லை, 8,400-க்கு 5 சதவீத வாட் 420 மட்டும். வித்தியாசம் 2,220 பவுண்ட். எஞ்சின் மாற்றிய ஸ்கைலைனை இதில் நுழைக்கப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மாதக் கணக்கில் வயது குறைந்தாலும் பயனில்லை; அப்போது வண்டியை ஜப்பானிலேயே காத்திருக்க வைப்பது மலிவு.

30 வயதுக்குக் கீழான ஜப்பான் தயாரிப்புக்கு, 2021-இல் நடப்புக்கு வந்த பிரிட்டன்-ஜப்பான் ஒப்பந்தத்தில் சலுகைச் சுங்கம் உண்டு. ஆனால் முறையான தோற்றச் சான்று கையில் வேண்டும். பழைய கார் ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் தரமாட்டார்கள். ஏலம் கேட்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஜப்பான் ஏலத்தில் எடுத்த ஜெர்மன் பி.எம்.டபிள்யூ.வுக்கு இந்தச் சலுகை இல்லை. இன்னொன்று: யென்னைப் பவுண்டாக்கப் பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தன் மாதாந்தர விகிதத்தையே பயன்படுத்தும். வங்கி தந்த விகிதத்தில் போட்ட கணக்கோடு இது ஒத்துப்போகாது.

லாரியா, ஓட்டிப் போவதா

பதிவாகாத காரைப் பிரிட்டன் சாலையில் ஓட்டலாம். ஆனால் முன்பதிவு செய்த எம்.ஓ.டி. (சாலைத் தகுதி) அல்லது ஐ.வி.ஏ. (தனி வண்டி ஒப்புதல்) சோதனைக்குப் போகும்போது மட்டும், இன்ஷூரன்ஸோடு. சிக்கல் இன்ஷூரன்ஸில்தான். ஒருநாள் பாலிசி தளங்கள் பெரும்பாலும் நம்பர் பிளேட் எண் கேட்கும். ஜப்பான் சேசிஸ் எண் 17 எழுத்து கொண்டதல்ல என்பதால் பல கணினிகள் அதை ஏற்காது. சேசிஸ் எண்ணில் கவர் தரும் சிறப்பு இன்ஷூரரை வாரம் முன்பே பிடிக்க வேண்டும். எம்.ஓ.டி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஓட்டிப் போகலாம். வீடு மான்செஸ்டரில், சோதனையும் அங்கேதான் என்றால் வழியில் போலீஸுக்கு விளக்குவதே வேலையாகிவிடும். கப்பலில் கிடந்த வண்டியின் பேட்டரி செத்திருக்கும், பெட்ரோல் கால் டாங்குக்கும் கீழ். பின் பனிவிளக்கு இல்லாத வண்டி எம்.ஓ.டி.யில் தோற்கும், ஜப்பானில் அது கட்டாயமில்லை. முன்விளக்கு சரியாகவே இருக்கும், அங்கேயும் இடப்பக்கப் போக்குவரத்துதானே.

லாரி சில நூறு பவுண்ட். தாள் முடிந்த அன்றே வண்டி வெளியே வரும் என்பதால் வாடகை நாட்கள் மிச்சம். யார் எடுத்தாலும் வாயிலைத் தாண்டும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, சேதத்தை டெலிவரி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெளித்தெரியாத சேதத்துக்குக் கப்பல் கம்பெனிக்கு எழுத்து அறிவிப்பு மூன்று நாளுக்குள். வழக்குக்கு ஒரு வருடம். லாரி ஓட்டுநர் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று போட்டுவிட்டால் உங்கள் கோரிக்கை பலவீனம். அதனால் படம் எடுப்பது அவர் வேலை என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். வண்டி நாட்டுக்குள் வந்த 14 நாளுக்குள் நோவா அறிவிப்பு போயிருக்க வேண்டும். ஏஜென்ட் செய்தாரா என்று எழுத்தில் கேளுங்கள்; சுங்கம் முடித்தால் நோவாவும் முடிந்தது என்று எண்ணுவதுதான் பலரைச் சிக்க வைக்கிறது. அது இல்லாமல் வி55/5 படிவமும் 55 பவுண்ட் பதிவுக் கட்டணமும் டி.வி.எல்.ஏ.வுக்குப் போனால், முழுக் கட்டும் தபாலில் திரும்பி வரும்.